சைட்டோசார்ப் உருளை: எந்த நோயாளிக்கு, எதற்காக?

திறந்த இதய அறுவை சிகிச்சைக்கான செலவு மதிப்பீட்டில் வால்வு, இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டர், இரத்தம் ஆகியவற்றுக்குக் கீழே சில நேரங்களில் 'சைட்டோசார்ப்' என்ற பெயரும் சேர்ந்திருக்கும். அது என்னவென்று கேட்கும் குடும்பத்தாருக்குப் பெரும்பாலும் கிடைப்பது, இரத்தத்தைச் சுத்தம் செய்யும் பில்டர் என்ற ஒற்றை வரி விளக்கம்தான். அந்த விளக்கம் பொய்யில்லை என்றாலும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களுக்கு அது போதாது. இரத்தத்திலிருந்து எதை நீக்குகிறது, அதை நீக்குவதால் நோயாளிக்கு என்ன நன்மை என்ற இரண்டும் தெரியாமல், ஒரே முறை பயன்படுத்திவிட்டு அப்புறப்படுத்தும் விலையுயர்ந்த ஒரு பொருளுக்கு யாரும் சம்மதம் சொல்லக் கூடாது. அறுவை அரங்கில், இதயத்தை நிறுத்தியிருக்கும் நேரத்தில் அதன் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷன் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த உருளையைப் பற்றி நோயாளிகளின் குடும்பத்தாரும் இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த சைட்டோசார்பென்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. ஐரோப்பாவில் விற்பதற்கான சிஇ முத்திரை 2011இல் கிடைத்தது. இந்தியாவில் விற்பனை செய்யும் உரிமையை 2013இல் பெங்களூரு மருந்து நிறுவனமான பயோகான் பெற்றது. கையில் எடுத்துப் பார்த்தால், 300 மி.லி. கொள்ளளவுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உருளை; உள்ளே உப்புக்கல் அளவிலான வெண்மணிகள் நிறைந்திருக்கும். ஒவ்வொரு மணியும் நுண்துளைகளால் ஆனது. இத்துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துக் கணக்கிட்டால் ஓர் உருளையின் பரப்பு 40,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 10 ஏக்கர் வரும். இரத்த அணுக்கள் துளைகளைவிடப் பெரியவை என்பதால் மணிகளின் இடைவெளி வழியே கடந்து போய்விடும். ஏறத்தாழ 60 கிலோடால்டன் (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) வரை எடையுள்ள, நீரை விரும்பாத தன்மை கொண்ட மூலக்கூறுகள் துளைக்குள் நுழைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். எனவே கறாராகச் சொன்னால் இது வடிகட்டி அல்ல, உறிஞ்சி. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தால்தான் இந்தப் பொருளால் முடிவது எது, முடியாதது எது என்பது விளங்கும்.

இதய அறுவையின்போது இரத்தத்தை வடிகட்டும் வேலையை ஏற்கெனவே வேறு சில கருவிகள் செய்துகொண்டிருக்கின்றன. ஆக்சிஜனேட்டரைத் தாண்டி வரும் தமனிக் குழாயில், பெரும்பாலும் 40 மைக்ரான் துளை கொண்ட வலை ஒன்று காற்றுக் குமிழிகளையும் உறைந்த துணுக்குகளையும் பிடித்து வைக்கிறது. மூளைக்குள் போகக் கூடாதவற்றுக்கு அதுவே கடைசிக் காவல். அறுவைக் களத்தில் சிந்திய இரத்தத்தைச் சேர்த்து, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் திருப்பித் தரும் செல் சேவர் இருக்கிறது. அது பிளாஸ்மாவையும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் சேர்த்தே வெளியேற்றிவிடுகிறது. மிகையான நீரை இரத்தத்திலிருந்து பிரிக்கும் ஹீமோகான்சென்ட்ரேட்டர் இருக்கிறது. குழந்தைகளின் இதய அறுவையில், பம்ப் (இதய-நுரையீரல் இயந்திரம்) நின்ற பிறகு இதே முறையில் நீரை எடுத்து உடல் வீக்கத்தைக் குறைக்கலாம் என்பதை லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழு 1991இல் வெளியிட்டது. இன்றும் அந்த முறை பல குழந்தை இதய மையங்களில் வழக்கத்தில் இருக்கிறது. இந்த மூன்றும் தம் வேலையை ஐயத்துக்கு இடமின்றிச் செய்பவை. சைட்டோசார்ப் இவற்றில் எதற்கும் மாற்று அல்ல. இவை தொடாத ஒரு வகைப் பொருள்களை நோக்கியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

பொருத்தும் முறை எளிது, அந்த வகையில் இதைத் தயாரித்தவர்களைப் பாராட்ட வேண்டும். டயாலிசிஸ் இயந்திரமோ தனி பம்ப்போ தேவையில்லை. சலைனால் நன்றாக அலசிய உருளையின் ஒரு முனையை, பம்ப்பைத் தாண்டிய, அழுத்தம் மிகுந்த பகுதியிலும், மறுமுனையைச் சிரை இரத்தம் வந்து சேரும் ரிசர்வாயரிலும் இணைத்துவிட்டால், அழுத்த வேறுபாடே இரத்தத்தை உருளை வழியாகத் தள்ளும். இயந்திரத்துக்குள் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினே இதற்கும் போதும். ஆனால் எளிமை என்பதற்குக் கவனம் வேண்டாம் என்று பொருளில்லை. இந்தக் கிளைக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 400 மி.லி. ஓடுகிறது என்றால், பம்ப்பின் திரையில் தெரியும் அளவிலிருந்து அந்த 400 மி.லி. நோயாளியின் உடலுக்குப் போகவில்லை என்று பொருள். நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் வரை ஓடும் பெரியவர்களிடம் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. எனவே கிளை பிரியும் இடத்துக்குப் பின்னால் ஓட்ட அளவியைப் பொருத்தி, பம்ப்பின் வேகத்தை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். பம்ப்பை நிறுத்தும்போதோ, ஓட்டத்தை மிகவும் குறைக்கும்போதோ கிளைக் குழாயைக் கிளாம்ப் போட்டு அடைக்க மறந்தால், நோயாளியின் பெருந்தமனியிலிருந்தே இரத்தம் பின்னோக்கி ரிசர்வாயருக்கு வழிந்துவிடக்கூடும். உருளைக்குள் தங்கும் திரவம் சுமார் 150 மி.லி. என்பதால், எடை குறைந்தவர்களிடமும் ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்களிடமும் அந்த அளவு நீர்த்தலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிதாக இதைக் கையாளும் குழு, முதல் நோயாளிக்கு முன் வெறும் சலைன் நிரப்பிய சுற்றில் ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். இந்த உருளை முதலில் விற்கப்பட்டதும், இன்றும் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவதும், உடலின் அழற்சியைத் தணிக்கும் என்ற பெயரில்தான். அதன் பின்னுள்ள வாதம் புரிந்துகொள்ளக்கூடியதே. இரத்தம் பிளாஸ்டிக் பரப்புகளின் மீது ஓடும்போதும், நின்றிருந்த இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மீண்டும் இரத்தம் பாயும்போதும், உடலின் எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டு சைட்டோகைன்கள் என்ற புரதத் தூதுவர்கள் பெருகுகின்றன. அவை மிகுந்தால் இரத்த அழுத்தம் சரிகிறது, நுண்குழாய்களிலிருந்து நீர் கசிகிறது, சிறுநீரகமும் நுரையீரலும் தடுமாறுகின்றன. ஆகவே சைட்டோகைன்களை எடுத்துவிட்டால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்பைச் சோதனைக்கு உட்படுத்தியபோது கிடைத்த விடைகள் ஊக்கமளிப்பவை அல்ல. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் திட்டமிட்ட இதய அறுவைக்கு வந்த 37 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், உருளை பொருத்தியவர்களின் இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் மற்றவர்களைவிடக் குறையவில்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் 30 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வும் அதே முடிவுக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் நடந்த ரிஃப்ரெஷ் ஆய்வு மட்டும் ஓரளவு வேறுபட்ட செய்தி சொன்னது: வால்வு மாற்றிக்கொண்டவர்களிடம், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறிய ஹீமோகுளோபினும், சி3ஏ, சி5ஏ என்ற எதிர்ப்பு மண்டலப் புரதங்களும் குறைந்திருந்தன. அது இரத்தப் பரிசோதனை அறிக்கையில் தெரிந்த முன்னேற்றமே தவிர, நோயாளிகள் அதனால் நன்றாகத் தேறினார்கள் என்பதற்குச் சான்று அல்ல.

இந்த முடிவுகள் எனக்கு வியப்பளிக்கவில்லை. பம்ப் அருகே நின்று கடிகாரத்தைப் பார்க்கும் யாருக்கும் அதன் காரணம் தென்படும். நிமிடத்துக்கு 400 மி.லி. வீதம் 100 நிமிடம் ஓடினால் 40 லிட்டர் இரத்தம் உருளையைக் கடக்கிறது. 5 லிட்டர் இரத்தமுள்ள ஒருவருக்கு அது எட்டு முறை சுற்றிவந்ததற்குச் சமம், குறைவான வேலை இல்லை. ஆனால் இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் உச்சத்தை எட்டுவது, பம்ப் நின்று நோயாளி ஐசியுவுக்குப் போன சில மணி நேரம் கழித்துத்தான். அப்போது உருளை கழற்றி எறியப்பட்டிருக்கும். மேலும் உறிஞ்சுவது செறிவைப் பொறுத்தது. இரத்தத்தில் ஒரு பொருள் மிகுதியாக இருந்தால் மிகுதியாக ஒட்டும், கொஞ்சமாக இருந்தால் கொஞ்சமே ஒட்டும். திட்டமிட்டுச் செய்யும் சாதாரண பைபாஸ் அறுவையில் சைட்டோகைன் அளவு, கடும் தொற்றில் காணப்படும் அளவுக்கு அருகில்கூட வருவதில்லை. ஆக, எடுக்க வேண்டியது பெருகும் முன்பே எடுக்கும் கருவி வெளியேறிவிடுகிறது.

அப்படியானால் அழற்சி ஏற்கெனவே கொழுந்துவிட்டு எரியும் நோயாளிகளிடம் பயன்படுத்தினால் என்ன என்பது நியாயமான அடுத்த கேள்வி. இதய வால்வில் கிருமித் தொற்று ஏற்பட்டு, அவசர அறுவைக்கு வரும் எண்டோகார்டைட்டிஸ் நோயாளிகள் அத்தகையவர்கள். ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழக மருத்துவமனை தலைமையில் 14 இதய மையங்கள் சேர்ந்து, 288 நோயாளிகளிடம் இதை முறையாகச் சோதித்தன. ரிமூவ் என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு 2022இல் வெளியானது. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு இது. இயந்திர ஓட்டத்தின் முடிவில் இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-18 ஆகியவற்றின் அளவு உருளை பொருத்தியவர்களிடம் குறைந்தே இருந்தது. அதாவது கருவி தன்னிடம் சொல்லப்பட்ட வேலையைச் செய்தது. ஆனால் உறுப்புகளின் செயலிழப்பு குறையவில்லை. 30 நாளுக்குள் இறந்தவர்களின் விகிதம் உருளை பொருத்தியவர்களில் 21 விழுக்காடு, பொருத்தாதவர்களில் 22 விழுக்காடு. எண்ணைக் குறைத்தோம், மனிதருக்கு வித்தியாசம் இல்லை என்ற இந்த முடிவைத் தெரிந்துகொண்ட பிறகும், எண்டோகார்டைட்டிஸ் என்றாலே உருளையைக் கொண்டுவரச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பயன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே என்பார் உண்டு. அதையும் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள இயலாது. இதய அறுவைக்கு வெளியே என்றாலும், ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் கோவிட் தொற்றுக்காக, உடலுக்கு வெளியே இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திரத்தில் இருந்த 34 பேரிடம் நடந்த ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். உருளை பொருத்திய 17 பேரில் 30 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3 பேர். பொருத்தாத 17 பேரில் 13 பேர். சிறிய ஆய்வு, வேறு வகை நோயாளிகள், ஆகவே இதைக் கொண்டு இதய அறுவையைப் பற்றி முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் உருளைக்கு நல்லது கெட்டது தெரியாது என்பதை அது நினைவூட்டுகிறது. அழற்சியைத் தூண்டும் புரதத்தைப் போலவே அதைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10ஐயும் அது உறிஞ்சும். நோய்க்குக் கொடுத்த மருந்தையும் உறிஞ்சும்.

மருந்தை உறிஞ்சும் அந்தக் குணமே ஓரிடத்தில் இதன் பெரும் பலமாகிறது. இந்த உருளைக்காக நான் மனமொப்பிப் பரிந்து பேசக்கூடிய இடம் அது ஒன்றுதான். மாரடைப்போடு வரும் ஒருவருக்கு, ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேபுக்குள் கொண்டுபோகும் முன்பே, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் டிகாக்ரெலார் மாத்திரை 180 மி.கி. கொடுத்துவிடுவது வழக்கம். ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் சிலருக்கு ஸ்டென்ட் வைக்க முடியாதபடி அடைப்புகள் இருக்கும். உடனே பைபாஸ் அறுவை தேவைப்படும். மருந்து உடலை விட்டு நீங்க 3 முதல் 5 நாள் வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தால் மீண்டும் மாரடைப்பு வரலாம். காத்திராமல் நெஞ்சைத் திறந்தால் இரத்தம் நிற்காது. தட்டணு ஏற்றினாலும் பயன் குறைவு, ஏனென்றால் பிளாஸ்மாவில் மிதக்கும் மருந்து புதிதாக வந்த தட்டணுக்களையும் முடக்கிவிடும். டயாலிசிஸாலும் ஹீமோகான்சென்ட்ரேட்டராலும் இதை எடுக்க முடியாது. மூலக்கூறு சிறியதுதான் என்றாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் இரத்தப் புரதங்களோடு ஒட்டியே இருப்பதால் அவற்றின் சவ்வுகளைத் தாண்டி வெளியேறாது. சைட்டோசார்ப் மணிகளோ அதைப் புரதத்திடமிருந்து பறித்துத் தம் சுவரில் ஒட்டவைத்துக்கொள்கின்றன.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. டிகாக்ரெலார் தட்டணுவோடு நிரந்தரமாகப் பிணைவதில்லை. பிளாஸ்மாவில் அதன் அளவு குறையக் குறைய, தட்டணுவை விட்டு விலகும், தட்டணு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். குளோபிடோக்ரெலும் பிராசுக்ரெலும் அப்படியல்ல. அவை ஒருமுறை பிணைந்தால் அந்தத் தட்டணுவின் ஆயுள் முடியும்வரை விடுவதில்லை. எனவே குளோபிடோக்ரெல் சாப்பிட்டவருக்கு இந்த உருளையைப் பொருத்தினால் இரத்தக்கசிவு குறையும் என்று யாராவது சொன்னால், அதற்கு அடிப்படை இல்லை. நம் ஊரில் இதய நோயாளிகளில் பலர் சாப்பிடுவது குளோபிடோக்ரெல்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நோயாளி கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை எது, எத்தனை மணிக்கு என்ற தகவல் இல்லாமல் இந்த உருளையைப் பற்றிய பேச்சையே தொடங்கக் கூடாது.

டிகாக்ரெலார் விஷயத்தில் சான்றுகள் எங்கே நிற்கின்றன? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், டிகாக்ரெலார் அல்லது இரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரோக்ஸபான் சாப்பிட்ட நிலையில் அவசர அறுவைக்கு வந்த 55 பேரின் அனுபவத்தை 2019இல் வெளியிட்டார்கள். உருளை பொருத்தியவர்களிடம் இரத்தக்கசிவும் மறு அறுவையும் குறைந்திருந்தன. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்றாலும், பார்த்தவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது. 2020இல் ஐரோப்பா இந்த இரண்டு மருந்துகளையும் நீக்குவதற்கான பயன்பாட்டையும் அனுமதியில் சேர்த்தது. அதே ஆண்டு, மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ, டிகாக்ரெலார் நீக்கத்துக்கு 'பிரேக்த்ரூ' என்ற விரைவுப் பரிசீலனைத் தகுதியைக் கொடுத்தது. பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் 140 பேரிடம், யாருக்கு உருளை ஓடியது என்பது தெரியாத முறையில், ஸ்டார்-டி ஆய்வு நடந்தது. பாதுகாப்பு குறித்த கவலை எழவில்லை. ஆனால் எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது இரத்தக்கசிவு குறித்த முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. பைபாஸ் அறுவை மட்டும் செய்துகொண்டவர்களைத் தனியே பார்த்தபோது கடும் இரத்தக்கசிவு குறைந்திருந்தது என்று நிறுவனம் வாதிட்டது. அனுமதி கேட்டு நிறுவனம் கொடுத்த விண்ணப்பத்தை 2025 ஏப்ரலில் எஃப்டிஏ நிராகரித்தது.

இந்த நிராகரிப்பை நான் உருளையின் தோல்வியாகக் கொள்ளவில்லை. இயங்குமுறை உறுதியாக இருக்கிறது, மருந்தின் அளவு குறைவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது, உடனே அறுவை செய்தே தீர வேண்டிய நோயாளிக்கு வேறு வழியும் குறைவு. ஆனால் பிரிவு பிரித்துப் பார்த்துக் கிடைத்த நன்மை, முழுமையாக நிரூபித்த நன்மைக்கு ஈடாகாது என்ற எஃப்டிஏயின் கண்டிப்பும் சரியே. ஆகவே டிகாக்ரெலார் சாப்பிட்டு 48 மணி நேரம் ஆகாதவர், காத்திருக்க முடியாத நிலை, பைபாஸ் அறுவை என்ற மூன்றும் ஒன்றாக வந்தால், அறுவை மருத்துவர் இதைக் கேட்பது நியாயம் என்றே சொல்வேன். இந்த மூன்றில் ஒன்று விலகினாலும் அந்த நியாயம் வெகுவாகத் தளர்ந்துவிடுகிறது. மருந்து நீங்கும்வரை சில நாள் காத்திருக்கக்கூடிய நோயாளிக்கு, உருளையைவிடக் காத்திருப்பதே மேலானது. அதற்கு உருளையின் செலவும் இல்லை.

பயன்படுத்துவது என்று முடிவெடுத்தால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுவைக் குழுவில் பலர் தவறவிடுவதும் அதுதான். தொற்றைத் தடுக்கவும் தீர்க்கவும் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் சிலவற்றையும், குறிப்பாக வான்கோமைசினை, இந்த மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். எண்டோகார்டைட்டிஸ் நோயாளிக்கு அது உயிர்காக்கும் மருந்து. மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் தவணை கொடுப்பது பற்றியும் இரத்தத்தில் மருந்தளவைச் சோதிப்பது பற்றியும் பம்ப் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பம்ப் நின்றதும் உருளைக்குள் தங்கிய இரத்தத்தைச் சலைனால் தள்ளி ரிசர்வாயருக்குத் திருப்பிவிட்டு, பிறகுதான் கிளையைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் அதை அப்படியே குப்பைத் தொட்டியில் போடுவது, இரத்தம் காக்கப் பொருத்திய கருவியாலேயே இரத்தத்தை வீணாக்குவதாகும்.

குடும்பத்தாருக்கு என் பரிந்துரை இதுதான். மதிப்பீட்டில் இந்தப் பெயரைக் கண்டால், எந்தப் பொருளை எடுப்பதற்காக இது என்று அறுவை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். டிகாக்ரெலார் என்று விடை வந்து, நாள் கணக்கும் பொருந்தினால் சம்மதிக்கலாம். பொதுவாக அழற்சி குறையும், சீக்கிரம் தேறுவார் என்று விடை வந்தால், இது இல்லாமல் செய்ய முடியுமா என்று அடுத்துக் கேளுங்கள்; இதுவரை வந்த ஆய்வுகளின்படி, பெரும்பாலான நோயாளிகளுக்கு முடியும். சீனாவின் ஜாஃப்ரான் போன்ற பிற நிறுவனங்களின் பிசின் உருளைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். வால்வு மாற்றும் அறுவைக்கு என்று சொல்லப்பட்டால், சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபினை எடுப்பதற்கா என்று கேட்டு, உங்கள் நோயாளிக்கு எத்தனை மணி நேர பம்ப் ஓட்டம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டம் குறைவாக இருக்கும் என்றால் அந்தப் பணத்தை அறுவைக்குப் பிறகான மருந்துக்கும் மறுவாழ்வுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்வது மேல்.